பெரிய வண்டி ஸ்டார்ட் ஆகாத நாட்கள்

எங்கள் வீட்டில் வடை சுட வாங்கிய எண்ணெயைவிட வண்டிக்கு ஊற்ற வாங்கிய எண்ணெய்தான் அதிகம் என்று அம்மா அடிக்கடி சொல்வாள். சும்மா சொன்னதில்லை. மந்தைவெளியில் நாங்கள் குடியிருந்த வீட்டின் பக்கவாட்டுச் சந்தில், ஒரு ஆள் ஒருக்களித்துப் போகிற அளவுக்கு மட்டும் இடம் விட்டு, அந்த வண்டி நின்றுகொண்டிருக்கும். இப்போது அதையெல்லாம் எஸ்யூவி என்கிறார்கள். எங்கள் தெருவில் அதற்குப் பெயர் பெரிய வண்டி. டீசல் வண்டி. ஏழு பேர் உட்காரலாம். வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். மூன்று லட்சம் கிலோமீட்டரைத் தாண்டி எங்கேயோ ஓரிடத்தில் அதன் மீட்டர் நின்றுவிட்டது. அப்பா அதை மட்டும் சரிசெய்யவில்லை. வயதைக் கேட்டால் வண்டிக்குப் பிடிக்காது என்று சொல்லிவிட்டார்.

அப்பா ஒரு பம்ப்செட் கம்பெனியில் விற்பனை மேலாளராக இருந்தவர். வேலூர், சேலம், தேனி என்று மாதத்தில் பாதி நாள் அந்த வண்டியில்தான் குடித்தனம். என்னுடைய ஒன்பதாவது வயதில் கம்பெனி அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. வந்த ஆர்டரை மறந்துவிடுகிறார், ஒரே கடைக்கு ஒரே சரக்கை இரண்டு தரம் அனுப்புகிறார் என்று புகார். வீட்டில் அதை விருப்ப ஓய்வு என்று சொல்லிக்கொண்டோம். யாருடைய விருப்பம் என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

அதுவரை ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் நடந்த வண்டி வேலை அதன்பிறகு தினமும் நடந்தது. காலையில் இட்லி சாப்பிட்ட கையோடு பானெட்டைத் திறந்துவிடுவார். பழைய ஆயிலைக் காலி பெயிண்ட் டப்பாவில் பிடிப்பார். பேட்டரி முனைகளில் பூத்திருக்கும் வெள்ளையைச் சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவுவார். ரேடியேட்டர் தண்ணீர் குறைந்திருந்தால் எங்கே ஒழுகுகிறது என்று தரையில் குப்புறப் படுத்துப் பார்ப்பார். ஏர் ஃபில்டரைக் கழற்றிச் சுவரில் தட்டினால் ஒரு படி தூசி கொட்டும். அதைக் காட்டி, இது சேலம் தூசி, இது தேனி தூசி என்று எனக்குப் பிரித்துச் சொல்வார். நானும் நம்பி, பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்லி, சிரிப்பாய்ச் சிரிக்கப்பட்டிருக்கிறேன்.

எனக்கு இரண்டு வேலைகள். டார்ச் பிடிப்பது ஒன்று. அவர் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு "செல்ஃப் அடி" என்று குரல் கொடுக்கும்போது, ஓட்டுநர் இருக்கையின் நுனியில் உட்கார்ந்து சாவியைத் திருப்புவது இன்னொன்று. சாவி திருப்பும் வேலையை ஒரு கலெக்டரைப் போலச் செய்தேன்.

ஐந்தாம் வகுப்பில் என்னைத் தி.நகரில் ஒரு இந்தி வகுப்பில் சேர்த்தார்கள். சனிக்கிழமை சாயங்காலம் அப்பா பெரிய வண்டியில் கொண்டுபோய் விட்டு, முடியும்வரை பனகல் பார்க் பக்கம் எங்காவது நிறுத்திக் காத்திருந்து கூட்டி வருவார். ஒரு சனிக்கிழமை வகுப்பு முடிந்து ஏறி உட்கார்ந்தேன். வண்டி எங்கெங்கோ போனது. சைதாப்பேட்டை வந்தது, அடையாறு வந்தது, கடைசியில் பெசன்ட் நகர் கடற்கரையே வந்துவிட்டது. அதற்கு மேல் போக ரோடு இல்லை. எனக்கு ஒரே கொண்டாட்டம். சுண்டல் வாங்கித் தருவார், மாங்காய் வாங்கித் தருவார் என்று கதவைத் திறக்கப் போனேன். அப்பா இஞ்சினை அணைக்காமல், ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி, கூட்டத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ரொம்ப நேரம் கழித்து என் பக்கம் திரும்பினார்.

"இங்கேர்ந்து நம்ம வீட்டுக்கு எப்படிப் போறது? சொல்லு, பார்க்கலாம்."

பரீட்சை வைக்கிறார் என்று நினைத்தேன். எனக்கா தெரியாது? அடையாறு சிக்னல், பாலம், பாலத்தைத் தாண்டிப் பஸ் டெப்போ வந்ததும் திரும்ப வேண்டும், பிறகு மருந்துக் கடை, அடுத்தது எங்கள் தெரு. ஒரு இடத்தில்கூடத் தப்பு விடாமல் சொல்லிக்கொண்டே வந்தேன். வீட்டு வாசலில் நிறுத்தியபோது அப்பாவின் சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. கெட்டிக்காரி என்று என் தலையைத் தட்டினார். நேராக அடுக்களைக்குப் போய் அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். அப்பா பீச்சிலிருந்து வழி கேட்டார், நான்தான் கூட்டி வந்தேன் என்று. அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்லில் கிடந்த தோசை கருகி வீடெல்லாம் நாறும்வரை அவள் அதைத் திருப்பவில்லை.

அதன்பிறகு இந்தி வகுப்புக்கு அம்மாவுடன் பஸ்ஸில் போனேன்.

கொஞ்ச நாள் கழித்து, இஞ்சின் ஆயில் வாங்கி வருகிறேன் என்று வண்டியை எடுத்துப் போன அப்பா மத்தியானச் சாப்பாட்டுக்கு வரவில்லை. விளக்கு வைக்கும் நேரத்தில் ஒரு போன் வந்தது. நங்கநல்லூர் ஆஞ்சநேயர் கோயில் பக்கத்திலிருந்து பூ விற்கிற அம்மாள் ஒருத்தி பேசினாள். பெரிய வண்டி ஒன்று நடுரோட்டில் இஞ்சின் ஓடிக்கொண்டே நிற்கிறது, சார் வீடு எங்கே என்று சொல்லத் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறார், அவருடைய போனில் வீடு என்று போட்டிருந்த நம்பருக்கு அடிக்கிறேன் என்றாள். சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து மாமா ஆட்டோ பிடித்துப் போய் அப்பாவையும் வண்டியையும் கூட்டி வந்தார். வழியெல்லாம் அப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, கியரை மெதுவாகப் போடு, கிளட்சில் காலை வைத்துக்கொண்டே ஓட்டாதே என்று மாமாவுக்குப் பாடம் எடுத்துக்கொண்டு வந்தாராம். கியர் போடத் தெரிந்தவருக்கு வீடு தெரியவில்லை.

டாக்டரிடம் அழைத்துப் போனார்கள். அப்பா மருந்து வாங்கப் போயிருந்த நேரமாகப் பார்த்து டாக்டர் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னார். இது மெல்ல மெல்லக் கூடுமே தவிரக் குறையாது. இனி வண்டி மட்டும் ஓட்டக் கூடாது, அவருக்கும் ஆபத்து, ரோட்டில் போகிறவர்களுக்கும் ஆபத்து. இதை அப்பாவிடம் யார் சொல்வது என்பதில்தான் எல்லாம் நின்றது. எங்கள் வீட்டில் அப்பாவிடம் கெட்ட செய்தியை நேராகச் சொல்லிப் பழக்கமே கிடையாது. வேலை போனதுக்கே வேறு பேர் வைத்தவர்கள் நாங்கள். ஏற்கெனவே ஒரு நாற்காலி போய்விட்டது, மிச்சம் இருக்கிற ஒரு சீட்டையும் விட்டு இறங்கு என்று எந்த வாயால் சொல்வேன் என்று அம்மா அழுதாளாம்.

மாமா அம்மாவின் தம்பி. சிந்தாதிரிப்பேட்டையில் புத்தகம் பைண்டிங் செய்யும் கடை வைத்திருந்தார். எந்தச் சிக்கலுக்கும் அவரிடம் ஒரு குறுக்கு வழி இருக்கும். இதற்கும் இருந்தது.

"நீ ஒண்ணியும் சொல்ல வேணாம்க்கா. வண்டி ஸ்டார்ட் ஆவலன்னா அவரே உட்டுருவாரு. பழசாயிட்ச்சு, பூட்ச்சுன்னு நெனச்சுக்குவாரு."

இதெல்லாம் பல வருடம் கழித்து அம்மா எனக்குச் சொன்னது. உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். அப்பா மத்தியானம் கண்ணயர்ந்திருந்தபோது மாமா பானெட்டைத் திறந்து, பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்கும் ஃபியூஸ் பெட்டியிலிருந்து ஒரே ஒரு ரிலேயை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். தீப்பெட்டியில் பாதிகூட இருக்காது, கறுப்பாக ஒரு கட்டை. சாவியைத் திருப்பினால் இஞ்சினுக்கு டீசலைத் திறந்துவிடும் ஸ்விட்ச் அதுதான். அது இல்லாவிட்டால் செல்ஃப் எடுக்கும், இஞ்சின் சுற்றும், ஆனால் பிடிக்காது. அந்த நேரத்தில் நான் சந்து வாசலில் பந்து விளையாடிக்கொண்டிருந்தேன். என்ன மாமா பண்றீங்க என்று கேட்டதற்கு, தண்ணீர் ஊற்றுகிறேன் என்றார்.

மாமாவின் கணக்கில் ஒரு தப்பு இருந்தது. வண்டி ஸ்டார்ட் ஆகாவிட்டால் விட்டுவிடுகிற ஆள் இல்லை அப்பா. அவருக்கு அதைவிடப் பிடித்த வேலை உலகத்தில் கிடையாது.

மறுநாள் காலை செல்ஃப் அடித்துப் பார்த்தார். கிர்ர் கிர்ர் என்று சுற்றிவிட்டு அடங்கிப்போனது. அப்பாவின் முகத்தில் எத்தனையோ நாளைக்குப் பிறகு ஒரு வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன். சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுப் பனியனோடு இறங்கினார். அவருக்கென்று ஒரு முறை இருந்தது. டீசல் வண்டி ஓட மூன்றே மூன்று வேண்டும், டீசல், காற்று, கரண்ட். இந்த வரிசையில்தான் தேட வேண்டும், தாண்டக் கூடாது என்பார். அதனால் முதலில் டீசல் ஃபில்டரைக் கழற்றுவார். அடியில் தேங்கிய தண்ணீரை வடிப்பார். குழாயில் காற்று அடைத்திருக்குமோ என்று கை பம்ப்பை அழுத்தி அழுத்தி, நுரை போய்ச் சுத்த டீசல் வரும்வரை எடுப்பார். பிறகு மாட்டிவிட்டு "செல்ஃப் அடி" என்பார். அடிப்பேன். கிர்ர் கிர்ர். பிடிக்காது. அடுத்தது காற்று. ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டிக்கொண்டிருக்கும்போதே சாப்பாட்டு நேரம் வந்துவிடும். சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு எழுந்து வருவார். வந்தவருக்கு எதுவரை பார்த்தோம் என்று தெரியாது. மறுபடியும் டீசல் ஃபில்டர்.

நாள் முழுக்க இப்படி. அடுத்த நாளும் இப்படி. பேட்டரி இறங்கிப்போனால் ராத்திரி முழுக்க வீட்டிலேயே சார்ஜர் போட்டு ஏற்றிவிடுவார். மூன்றாவதான கரண்டுக்கு அவர் வந்து சேரவே இல்லை. காலையில் பார்த்தாச்சுப்பா என்று நான் சொன்னால், ஒரு வினாடி திகைத்துவிட்டு, தெரியும், இன்னொரு தரம் பார்த்தால் நல்லதுதானே என்பார். அவருக்குத் தெரியாது என்பது எனக்கும் தெரிந்தது. தெரிந்தும் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. சில நாள் அழுகை அழுகையாக வரும். சில நாள் அலுப்பாக இருக்கும். அலுப்புத்தான் அதிகம், பொய் சொல்வானேன்.

தெருமுனை மெக்கானிக்கைக் கூப்பிட்டு விடுவார். மாமா அவரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்ததால் அவர் ஊருக்குப் போயிருப்பார். அந்த வருடம் அந்த மனிதருடைய ஊரில் நடந்த காதுகுத்துக்கும் கெடாவெட்டுக்கும் அளவே இல்லை. ஊருக்குப் போயிருக்கும்போதே எதிர் டீக்கடையில் நின்று டீயும் குடிப்பார். அப்பா பார்த்துவிட்டால் கிளாஸை வைத்துவிட்டு வேகமாக நடந்துபோவார். எங்கள் தெருவில் எல்லாருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. காலையில் கிர்ர் கிர்ர் என்று சத்தம் கேட்டதும் எதிர்வீட்டு ஜன்னல் மெதுவாகச் சாத்திக்கொள்ளும். தெரியாதவர்கள் இரண்டே பேர். வண்டிக்கு உள்ளே நான், வெளியே அப்பா.

அம்மாவுக்குத்தான் தாங்கவில்லை. செல்ஃப் சத்தம் கேட்கும்போதெல்லாம் அடுக்களையில் கையிலிருக்கும் வேலையை நிறுத்திவிட்டு, அது அடங்கும்வரை நிற்பாள். ஒருநாள் மாமாவைக் கூப்பிட்டு, அதைத் திரும்ப மாட்டிவிடு, என்னால் பார்க்க முடியவில்லை என்றிருக்கிறாள்.

"மாட்டிட்டு? எங்கனா போய் மோதிக்கினாருன்னா இன்னா பண்ணுவ? பாப்பா எப்பவும் கூடவே கீது. பாப்பாவையும் ஏத்திக்கினு போவாரு. நெனச்சுப் பாரு" என்றாராம் மாமா.

ஆடி போய் ஆவணி, புரட்டாசியும் வந்தது. ஆயுத பூஜை நெருங்கியபோது அப்பாவுக்குப் பிடிவாதம் வந்துவிட்டது. வாங்கிய நாளிலிருந்து ஒரு வருடம்கூட அந்த வண்டி சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் நசுங்காமல் ஆயுத பூஜை போனதில்லை, இந்த வருடம் மட்டும் செத்த வண்டிக்குச் சந்தனம் பூசுவதா என்று சத்தம் போட்டார். ராத்திரி எழுந்துபோய்ப் பானெட்டைத் தடவிக்கொண்டு நிற்கிறார் என்று அம்மா மாமாவிடம் போனில் சொன்னது எனக்கே கேட்டது.

பூஜை அன்று காலையில் அம்மா ஒரு காரியம் செய்தாள். எங்கள் வீட்டில் ஆயுத பூஜைக்கு அப்பாவின் ஸ்பேனர்களையும் வைப்பது வழக்கம். வைத்தபிறகு மறுநாள் எடுக்கும்வரை அவற்றைத் தொடக் கூடாது. இன்று ஒருநாளாவது அந்தச் சத்தம் இல்லாமல் இருக்கட்டும் என்று நினைத்தாளோ என்னவோ, விடிந்ததும் விடியாததுமாக டூல்ஸ் பெட்டியைக் கவிழ்த்து, ஸ்பேனர், ஸ்குரூ டிரைவர், கட்டிங் பிளேயர் எல்லாவற்றையும் கழுவித் துடைத்துப் பொட்டு வைத்துச் சாமி முன்னால் அடுக்கிவிட்டாள். பிறகு பொரியும் பூசணிக்காயும் வாங்க மயிலாப்பூர் குளக்கரைக்குப் போனாள்.

அப்பா சந்துக்கு வந்து பெட்டியைத் திறந்தார். காலி. அம்மா எல்லாவற்றையும் சாமியிடம் வைத்துவிட்டாள் என்று சொன்னேன். சாமியிடம் போனதை எடுக்க மாட்டார். பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, வெறும் கையோடு, என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார். ஸ்பேனர் இல்லாமல் டீசல் ஃபில்டரைக் கழற்ற முடியாது. ஏர் ஃபில்டருக்கும் ஸ்குரூ டிரைவர் வேண்டும். ஆயில் மூடியையும் ரேடியேட்டர் மூடியையும் விட்டால், கையால் திறக்கக்கூடியதாக அங்கே ஒன்றே ஒன்றுதான் இருந்தது. இரண்டு பக்கமும் கிளிப் போட்ட ஃபியூஸ் பெட்டியின் மூடி. அப்பா அதைத் திறந்தார்.

டார்ச்சை அடித்தேன். வரிசையாகக் கறுப்புக் கட்டைகள். ஒரு குழி மட்டும் காலியாக இருந்தது. அப்பா அதில் விரலை வைத்தார். எடுக்கவில்லை.

"இது தானா விழாதே" என்றார், யாரிடமோ சொல்வதுபோல. பிறகு என்னிடம் கேட்டார். "மாமா எப்பவாவது பானெட்டத் தொறந்தானா?"

"ஒரு வாட்டி தொறந்தாரு. தண்ணி ஊத்துறேன்னாரு."

அப்பா சிரித்தார். சிரித்தார் என்றுதான் அன்று நினைத்தேன். பிறகு பக்கத்துக் குழியிலிருந்து அதே மாதிரி இன்னொரு ரிலேயை உருவி, காலியாக இருந்த இடத்தில் அழுத்தினார். அது எதற்கு என்று கேட்டேன். ஹாரனுக்கு என்றார். ஹாரன் இல்லாமல் வண்டி போகும், டீசல் இல்லாமல் போகாது. சொல்லிவிட்டு, "செல்ஃப் அடி" என்றார்.

ஒரே அடி. வண்டி உறுமிக்கொண்டு எழுந்தது. சுவரெல்லாம் கறுப்புப் புகை. நான் சீட்டில் குதித்தேன். அப்பா உடனே ஏறிவிடவில்லை. பேட்டரி ஏறட்டும் என்று சொல்லிவிட்டு, பானெட்டை மூடி, அதன்மேல் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் இஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நின்றார். பிறகு கேட்டைத் திறந்து வந்து ஏறினார். பீச்சுக்குப் போய்விட்டு அம்மா வருவதற்குள் வந்துவிடலாம் என்றார். நான் பக்கத்துச் சீட்டுக்குத் தாவி, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தேன்.

வண்டி பின்னால் நகர்ந்தது. பாதி வண்டி தெருவுக்கு வந்திருக்கும், கண்ணாடியில் ஒரு சைக்கிள் தெரிந்தது. இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டிக்கொண்டு ஒருவர் வந்துகொண்டிருந்தார். அப்பா ஹாரனை அழுத்தினார். சத்தம் வரவில்லை. மறுபடி அழுத்தினார், ஓங்கிக் குத்தினார். அதற்குள் வாழை இலை கண்ணாடியில் உரசிவிட்டது. பிரேக்கை அழுத்தியதில், பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்த நான் சீட்டில் நெற்றியை முட்டிக்கொண்டேன். சைக்கிள்காரர் காலை ஊன்றித் தப்பித்து, திட்டிக்கொண்டே போனார்.

"ஹாரன் என்னாச்சு? நேத்து நல்லாத்தானே இருந்துச்சு" என்றார் அப்பா.

விளையாடுகிறார் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. "நீதானப்பா இப்போ அதக் கழட்டி டீசலுக்குப் போட்ட."

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு தன் கைகளைப் பார்த்தார். தெருவின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். பதினைந்து வருடமாகக் குடியிருக்கிற தெரு. பீச்சுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அவருக்கு உதவி செய்ய வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. உண்மையான ஆசையோடுதான் சொன்னேன்.

"பரவால்லப்பா, நீ ஓட்டு. எனக்கு எல்லா வழியும் தெரியும். எங்க திரும்பணும், எங்க நிக்கணும், யார் வர்றாங்க, எல்லாம் நான் சொல்லிக்கிட்டே வர்றேன்."

"எல்லாத்தையும் நீ சொல்லுவியா?"

"ஆமாப்பா. போன தடவ மாதிரி."

என் நெற்றியில் முட்டிக்கொண்ட இடத்தை அப்பா கட்டைவிரலால் தேய்த்துவிட்டார். வலிக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் முதல் கியரைப் போட்டு, வண்டியை மெதுவாக, எப்போதும் நிற்கும் இடத்தில், எப்போதும் நிற்பதுபோல நிறுத்தி இஞ்சினை அணைத்தார். இறங்கிப்போய்ப் பானெட்டைத் திறந்தார். ரிலேயை உருவி ஹாரனுக்கே திரும்பப் போட்டார். ஒரு தரம் ஹாரனை அடித்துப் பார்த்துக்கொண்டார். இரண்டு கிளிப்பையும் அழுத்தி மூடினார். நான் ஏன் ஏன் என்று கேட்டுக்கொண்டே சுற்றிச்சுற்றி வந்தேன். கை கழுவிக்கொண்டு வா, அம்மா வந்துவிடுவாள் என்றதைத் தவிர வேறெதுவும் சொல்லவில்லை.

அம்மா வந்தாள். அப்பா குளித்து வேட்டி கட்டிக்கொண்டு வந்து, வண்டிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அம்மா சந்தனக் கிண்ணத்தோடு வண்டியிடம் போகும்போது சொன்னார்.

"என்னென்னவோ பண்ணிப் பாத்துட்டேன். என்னால கண்டுபிடிக்க முடியல. வித்துடலாம்."

அம்மா அப்படியே நின்றுவிட்டாள். எனக்குப் பொறுக்கவில்லை. பொய், வண்டி ஸ்டார்ட் ஆச்சு, தெருவரைக்கும் போனோம், அப்பா மறந்துட்டாரு என்று கத்தினேன். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்படியா? எனக்கு ஞாபகம் இல்லையே" என்றார்.

அம்மா திரும்பி, பட்டை போடுவதற்காகச் சந்தனத்தை அள்ளிய கையை நீட்டினாள். "பாத்து, சுடும்" என்றார் அப்பா, மெதுவாக. அதற்குள் அம்மாவின் உள்ளங்கை பானெட்டில் பட்டுவிட்டது. பட்ட கையை அவள் எடுக்கவே இல்லை. சந்தனம் வழிந்து காயத் தொடங்கும்வரை, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அப்படியே நின்றாள்.

மத்தியானம் பொரி சாப்பிட வந்த மாமாவிடம், அவரே வண்டியை வித்துடலாம் என்கிறார் என்று அம்மா ஒரே வரியில் சொன்னாள். நான் சொன்னேன் இல்ல என்று மாமா தொடையைத் தட்டிக்கொண்டார். தீபாவளிக்கு முன்னால் அவரே ஆள் பார்த்து வண்டியை விற்றும் கொடுத்தார். எடுத்துப்போக ஆள் வந்த அன்று, மாமா சட்டைப் பையில் கையை விட்டுக்கொண்டு வண்டிக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தார். அப்பா தெருவைப் பார்க்க நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். மாமா வேலையை முடித்துப் பானெட்டை மூடும்வரை அவர் திரும்பவில்லை.

நான் அப்பாவோடு பேசாமல் இருந்தேன். என்னை எல்லார் முன்னாலும் பொய்க்காரியாக்கிவிட்டார் என்ற கோபம். பிறகு அது இரக்கமாக மாறியது. பாவம், ஒரு மணி நேரத்துக்கு முன்னால் தானே சரிசெய்ததைக்கூட மறந்துவிட்டார், வியாதி அவ்வளவு முற்றிவிட்டது என்று பள்ளிக்கூடத்தில் என் சிநேகிதியிடம் சொல்லி அழுதிருக்கிறேன். ஓடாத வண்டி எப்படிச் சுடும் என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை.